வெடிப்பில் ஊற்றிய தண்ணீர்

என் வீட்டுப் பின்வாசல் ஆணியில் ஒரு தகரப் பூவாளி தொங்குகிறது. பச்சைப் பெயிண்ட் பாதி உதிர்ந்துவிட்டது. வாயில் உள்ள துளைகளில் பாதி அடைத்துக்கொண்டதால் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்தே விழும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகிவிடும். வெளியே சொல்லக் கூச்சமான விஷயம்தான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பட்டப்படிப்பு முடித்து, இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்தைந்து வருஷம் குப்பை கொட்டி, வீட்டில் இரண்டு பீரோ நிறையப் புத்தகம் சேர்த்து வைத்திருக்கும் நான், ஒரு கோடையில் என் வீட்டுச் செடிக்கு என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். அதுவும் நடுவில் கழுத்தளவு சுவர் நிற்கும்போது.

அந்த வருஷம் பங்குனியில், மகளுக்கு இரண்டாவது பேறுகாலம் என்று என் மனைவி புதியம்புத்தூர் போனாள். போகும்போது கேஸ் அடுப்பைப் பற்றியோ கதவுப் பூட்டைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. பின்வாசலில் நின்று, சுவரோரம் படர்ந்திருந்த பிச்சிக் கொடியைக் காட்டினாள். “இது எங்கம்மா வீட்டுக் கொடி. அந்த வீட்ட வித்து, வாங்குனவன் இடிச்சும் போட்டான். இது பட்டுப்போச்சுன்னா இன்னொரு குச்சி ஒடிச்சு வைக்க எனக்கு இடம் கிடையாது. மத்ததெல்லாம் போனாப் போவட்டும்” என்றாள். அந்த ‘மத்ததெல்லாம்’ என்பதில் நானும் சேர்த்தியா என்று பஸ் கிளம்பிப் போன பிறகும் எனக்கு விளங்கவில்லை.

எங்கள் தெருவில் கோடையில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள் வந்தால் பெரிது. அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் அலசிய தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்தேன். குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடக் கூடாதே என்று பெரிய அண்டாவுக்குள் ஏறி நின்று குளித்தேன். அந்தக் காட்சியைப் பார்க்க வீட்டில் யாரும் இல்லாதது ஒன்றுதான் ஆறுதல். இப்படியெல்லாம் தேற்றினால் ஒரு நாளைக்கு மூன்று குடம் தேறும். சித்திரை பிறந்ததும் கரிசல் தரை வாயைப் பிளந்தது. பிச்சியின் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு வெடிப்பு. கையை விட்டால் முழங்கை வரை போகும். அப்போதுதான் என் படிப்பு வேலை செய்தது. மேலாக ஊற்றுகிற தண்ணீரை வெயில் குடித்துவிடும், வேருக்கு நேராகக் கொடுக்க வேண்டும் என்று எப்போதோ வாசித்திருந்தேன். பூமியே குழாய் போட்டுத் தந்திருக்கும்போது நமக்கென்ன கவலை? மூன்று குடத்தையும் வெடிப்புக்குள்ளேயே கவிழ்த்தேன். ஒரு சொட்டு மேலே தேங்கவில்லை. கொடிக்கு எவ்வளவு தாகம் பார் என்று நெகிழ்ந்துபோய் நின்றேன்.

அப்போது சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் சென்னையில், இவர் இங்கே தனியாக. பரீட்சை ஹாலில் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பாரே, அதே நிதானத்தோடு எட்டிப் பார்த்தார்.

“என்ன தம்பி, எலி பிடிக்கீங்களா?”

காட்டில் எலி வளைக்குள் தண்ணீரை ஊற்றி எலியை வெளியே வரவழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் கௌரவமாக, “இல்ல டீச்சர், ஆழப் பாசனம்” என்றேன்.

“அப்படியா? ஊத்துங்க, ஊத்துங்க” என்று தலை மறைந்துவிட்டது.

மூன்று வாரத்தில் பிச்சி இலை பழுத்து உதிர ஆரம்பித்தது. மனைவி போனில் கேட்கும்போதெல்லாம் “தளதளன்னு இருக்கு” என்றேன். நான் சொன்னது பொய்யில்லை. எந்தச் செடி என்பதைத்தான் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் நந்தியாவட்டை தளதளவென்றுதான் நின்றது. ஊரே காய்ந்து கிடக்க, அது மட்டும் வெள்ளை வெள்ளையாகப் பூத்துத் தள்ளியது. டீச்சர் குடம் தூக்கி நான் பார்த்ததில்லை. இதற்கு நடுவே இன்னொரு விசித்திரம். தினமும் காலையில் சுவர்மேல் ஒரு பொட்டலம் இருக்கும். பழைய வினாத்தாளைக் கிழித்துப் பொதிந்த நந்தியாவட்டைப் பூ. எங்கள் வீட்டுச் சாமி படத்துக்காம். ஒருநாள் தாளில் ‘ஓரிரு வரிகளில் விடையளிக்க’ என்று இருந்தது. கேள்வி எதுவென்று தெரியாமல் அன்று முழுவதும் தவித்தேன். இது அன்பா, நையாண்டியா?

யோசிக்க யோசிக்க, குழாயில் மோட்டார் போட்டுத் தெருத் தண்ணீரை டீச்சர் இழுக்கிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. நகராட்சிக்கு ஒரு மனு எழுதினேன். மூன்று பக்கம். நடை நன்றாக அமைந்துவிட்டதால் வாசித்துக் காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. டீச்சரை விட்டால் தெருவில் தமிழ் ரசிப்பவர் யாருமில்லை. சுவரோரம் நின்று அவருக்கே வாசித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, “ரெண்டாம் பக்கத்துல ஒரு சந்திப் பிழை இருக்கு. இருங்க வாரேன்” என்றார்.

வந்தவர் கையில் ஒரு களைக்கொத்தும் துணிக்குப் போடும் சொட்டு நீலமும் இருந்தன. தேடி எடுக்க நேரமே ஆகவில்லை. எடுத்து வைத்திருந்ததுபோல இருந்தது. என் குடத்தில் நீலத்தைக் கலந்து, “உங்க பாசனத்தப் பண்ணுங்க” என்றார். வெடிப்புக்குள் கவிழ்த்தேன். உள்ளே களக் களக்கென்று சத்தம் போய்க்கொண்டே இருந்தது. “இப்போ எங்க வீட்டுக்கு வாங்க.” போனேன். சுவரடியில், நந்தியாவட்டையைச் சுற்றித் தோண்டியிருந்த தாழ்வான பாத்தியில், கொஞ்சம் கொஞ்சமாக நீலம் ஊறிக்கொண்டிருந்தது. என் அண்டாக் குளியல், அரிசி களைந்த தண்ணீர், இரண்டு பீரோ வாசிப்பு எல்லாம் அங்கே நீல நிறத்தில் தேங்கி நின்றன.

அன்றைக்கே அவர் என்னைக் கொத்தவைத்தார். மேல்மண்ணைப் புட்டுப்போல உதிர்த்து வெடிப்பை மூடி, தூரைச் சுற்றிப் பாத்தி கட்டி, கடலைமிட்டாய்க் கம்பெனியிலிருந்து ஒரு சாக்கு கடலைத்தோடு வாங்கி வந்து மேலே பரப்பச் சொன்னார். “கரிசல்ல மொதல்ல வாய அடைக்கணும், பெறவுதான் தண்ணி. குடத்தக் கவுத்தாதீங்க” என்று இந்தப் பூவாளியைக் கொடுத்தார். கொடி முழுக்கக் காய்ந்து கயிறானது. வைகாசிக் கடைசியில் தூரிலிருந்து விரல் நீளத்தில் ஒரே ஒரு தளிர் வந்தது. மனைவி திரும்பி வந்து, பேத்தியைப் பற்றிக்கூடப் பேசாமல் அந்தத் தளிருக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒருநாள் டீச்சரிடம் கேட்டேவிட்டேன். “உங்களுக்கு முன்னமே தெரியுமா?” அவர் பூப்பறிப்பதை நிறுத்தாமல், “நீங்க படிச்சவிய. ஏதோ காரணமாத்தான் ஊத்துதீங்கன்னு நெனச்சேன்” என்றார். தெரிந்திருந்தால் ஏன் முதலிலேயே சொல்லவில்லை? தெரியாதென்றால் எதற்கு அந்தப் பூப்பொட்டலம்? என் தண்ணீரில் பூத்ததை எனக்கே பங்கு வைத்தாரா? கொடி செத்திருந்தால் என் மனைவிக்கு யார் பதில் சொல்வது? அவர் மேல் கோபப்பட வேண்டுமா, கையெடுத்துக் கும்பிட வேண்டுமா என்று வருஷக்கணக்காக முடிவுக்கு வர முடியாமலே பக்கத்து வீட்டில் குடியிருந்துவிட்டேன். போன தையில் டீச்சர் தூக்கத்திலேயே போய்விட்டார். கேட்கவும் இனி ஆளில்லை.

இந்தச் சித்திரையிலும் தரை வெடித்திருக்கிறது. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. பிச்சியைச் சுற்றி முறையாகக் கொத்தி மூடிவிட்டேன். சுவரோரம் ஒரு வெடிப்பை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். தினமும் சாயங்காலம் இந்தப் பூவாளியால் இரண்டு தடவை அதற்குள் ஊற்றுகிறேன். இந்த முறை யாருக்கு ஊற்றுகிறோம் என்று தெரிந்தே ஊற்றுவதில் ஒரு நிம்மதி. சுவருக்கு மேலே நந்தியாவட்டை வெள்ளையாகத் தலையாட்டும்போது, கணக்கு எப்படியோ நேராகிவிட்டது என்றுகூடத் தோன்றியது.

முந்தாநாள் என் மனைவி பின்னால் வந்து நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாகக் காரணத்தைச் சொன்னேன்.

“டீச்சர் மகன் அந்த வீட்டுச் சாவிய நம்மகிட்டதான குடுத்துட்டுப் போயிருக்கான்” என்றாள். “நீங்க பேப்பர் படிக்கையில தெனமும் நான்தான் அந்தச் செடிக்கு ஒரு குடம் ஊத்திட்டு வாரேன். காலையில நான் போவையில பாத்தி காஞ்சுதான் கெடக்கு, ஒரு சொட்டு ஊறக் காணோம். வெடிப்பு என்ன, வருஷா வருஷம் ஒரே வழியிலயா போவும்? நீங்க ஊத்துத தண்ணி எங்க போவுதோ! அந்தப் பூவாளிய இங்கன குடுங்க, பிச்சிக்கு ஊத்தணும்.”