கொட்டகையில் சத்தமில்லை

ஜமுனாமரத்தூர் பக்கம் கறிக்கோழி வளர்க்கிறேன். தீவனத்தில் ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, பூண்டும் மஞ்சளும் புரோபயாடிக் பவுடரும் கலந்து வளர்த்த முதல் கூட்டம் அது. கையிலிருந்த மொத்தத்தையும் அதில்தான் போட்டிருந்தோம்.

அன்று விடியற்காலை கடும் பனி. கரண்டும் இல்லை; இரவெல்லாம் எரியும் கொட்டகை விளக்கு, அந்தக் கூட்டம் வந்த பிறகு அன்றுதான் அணைந்திருந்தது. கொட்டகைக் கதவைத் திறந்தேன். இருட்டில் எப்போதும் கேட்கும் 'கொர் கொர்' சத்தம் இல்லை. அத்தனை கோழிகள் இருக்கும் இடத்தில் ஒரு மூச்சுகூடக் கேட்கவில்லை.

பின்னால் வந்த என் மனைவி, "இன்னாங்க, அப்டியே நின்னுட்டீங்க?" என்றாள்.

"எல்லாம் செத்துப்போச்சி" என்றேன்.

அவள் டார்ச் அடித்தாள். தரை முழுக்கத் தலைகள் ஒன்றாக நிமிர்ந்தன. ஒரு சத்தமும் போடாமல் எங்களையே பார்த்தன.

"உசுரோடதாங்க கீது" என்றாள் மெதுவாக. "ஆனா ஏன் இப்டி கம்முனு கீது?"

ஒரு கோழியைத் தூக்கிக் காதோடு வைத்துக் கேட்டேன். நெஞ்சு துடித்தது. மூச்சில் சளி இரைச்சலே இல்லை.

அப்போதுதான் புரிந்தது. அந்தக் 'கொர் கொர்' சளிச் சத்தம்தான்; இத்தனை வருஷமும் அது காதில் விழுந்த பிறகுதான், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்.