குழாயம்மாவின் வயிற்றுக் கோளாறு

யார் வீட்டுக்குப் போனாலும் மற்றவர்கள் முதலில் சோபாவைத் தேடுவார்கள். குழாயம்மா "கை கழுவிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போவாள். போனால் லேசில் திரும்ப மாட்டாள். உள்ளேயிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்கும், அப்புறம் வேறொரு குழாயின் சத்தம், அப்புறம் ஷவர். வீட்டுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். வெளியே வந்ததும், "உங்க ஹீட்டரை இவ்வளவு கம்மியா வைக்காதீங்க" என்பாள். அந்த வீட்டில் அவளுக்கு இரண்டாவது அழைப்பு வருவது கொஞ்சம் சந்தேகம்தான்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை. 'நீர்ப் பாதுகாப்பு மேற்பார்வையாளர்' என்று கம்பீரமாக ஒரு பதவிப் பெயர் கொடுத்திருந்தார்கள். அதை முழுசாகச் சொல்ல அங்கே யாருக்கும் பொறுமையில்லை. டாக்டர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் குழாயம்மா. நோயாளி இல்லாத அறைகளாகப் பார்த்துப் போய்க் குழாய்களை ஓடவிடுவாள், வெந்நீர் வெந்நீராகவே வருகிறதா என்று வெப்பமானியை நீட்டிப் பார்ப்பாள், ஷவர் தலைகளைக் கழற்றி உப்பு நீக்குவாள்.

"தண்ணியத் திறந்து மூடறதுக்கு ஒரு சம்பளமா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்டவர்களை அவளும் சும்மா விட்டதில்லை. குழாய்க்குள் நாள்கணக்காக அசையாமல் கிடக்கும் தண்ணீர், அதிலும் சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல் வெதுவெதுப்பாகக் கிடக்கும் தண்ணீர், லெஜியோனெல்லா என்கிற கிருமிக்கு மாமியார் இல்லாத வீடு மாதிரி என்பாள். இஷ்டத்துக்குப் பெருகும். ஷவரைத் திறந்ததும் கண்ணுக்குத் தெரியாத சாரலோடு பறந்து, மூச்சில் ஏறி, நுரையீரலில் குடித்தனம் வைத்துவிடும். வயதானவர்களும் புகைபிடித்தவர்களும் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். கேட்டவர்கள் அன்றைக்குக் குளிக்கவே யோசிப்பார்கள்.

இந்தப் பைத்தியம் அவளுக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. அவள் வெறும் துப்புரவுப் பணியாளராக இருந்த காலத்தில், வண்ணம் அடிப்பதற்காகப் பூட்டி வைத்திருந்த ஒரு வார்டை மறுபடி திறந்தார்கள். கால் உடைந்து அங்கே வந்து சேர்ந்தார் ஒரு பள்ளிக்கூடத்து வாட்ச்மேன். வாய் ஓயாத மனிதர். இவள் துடைக்கத் துடைக்க, "அங்க ஒரு மூலைய விட்டுட்டியே தாயி" என்று கட்டிலிலிருந்தே அதிகாரம் செய்வார். கால் தேறியது. "குளிச்சு எத்தனை நாளாச்சு!" என்று ஆசை ஆசையாக ஷவரில் நின்றார். அப்புறம் காய்ச்சல் வந்தது, மூச்சு முட்டியது. காலுக்கு வந்தவர் நுரையீரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கு ஷவரைத் திறந்துகொடுத்தது இவள்தான். இவளுக்குத் தெரியாது, அங்கே அப்போது யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தக் கை தன்னுடையதுதானே என்று வெகுநாள் அழுதாள். ஆஸ்பத்திரி விழித்துக்கொண்டு இந்த வேலையை உண்டாக்கியபோது, யாரும் கேட்பதற்கு முன்னால் போய் நின்று எனக்குக் கொடுங்கள் என்றாள்.

ஆஸ்பத்திரி பிழைத்தது. மாட்டிக்கொண்டது அவள் மகள். சின்ன வயதில் லீவுக்கு எங்காவது போய்த் திரும்பினால், அந்தப் பெண் சோப்பு டப்பாவும் துண்டுமாக வாசலில் நிற்க வேண்டும். அம்மா உள்ளே போய் எல்லாக் குழாயையும் ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து, "இப்ப வா" என்று சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் நுழையலாம். கூடப் படித்த பிள்ளைகள் அந்த வழியாகப் போகும்போது பார்த்துச் சிரிக்கும். அந்தச் சோப்பு டப்பாவை அவள் மறக்கவே இல்லை.

மறக்க நினைத்தாலும் அம்மா விடவில்லை. மகளுக்கு முதலில் வந்த சம்பந்தம் கைக்கு எட்டிய நேரத்தில், மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது குழாயம்மாவைக் காணோம். பார்த்தால், பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் நிற்கிறாள். "மூடியே இல்லைங்க! உள்ள ஒரு பல்லி செத்து மிதக்குது!" என்று அங்கிருந்தே ஊருக்குச் சொன்னாள். கையில் பழச்சாறு டம்ளரோடு மாப்பிள்ளையின் அம்மா வாஷ்பேசினுக்கு ஓடினார். சம்பந்தம் அத்தோடு போயிற்று. மகள் ஒரு வாரம் அம்மாவோடு பேசவில்லை.

இரண்டாவதாக வந்த இடம் மகளுக்கே மனசுக்குப் பிடித்த இடம். பையனும் நல்ல பையன். வெளியூர். கல்யாணப் பேச்சை முடிக்க, பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு ராத்திரி தங்கிப் போகச் சொல்லியிருந்தார்கள். கிளம்பும்போது மகள் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உன் கால்ல விழறேன். அங்க ஒரு குழாயையும் தொடாதே. குழாயப் பத்திப் பேசாதே. தொட்டி இருக்கிற பக்கம் நிமிந்துகூடப் பாக்காதே. இதுவும் போச்சுன்னா நான் யாரையுமே கட்டிக்க மாட்டேன்."

"தொடல. சத்தியமா தொடல" என்றாள் குழாயம்மா. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் முகமூடி, மூலை வெட்டிய பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்டு மூன்றும் அப்படியே இருந்தன. அவற்றை எடுத்து வைக்கத் தோன்றவில்லை என்று பின்னால் சொன்னாள். நம்புகிறவர்கள் நம்பலாம்.

சம்பந்தி வீட்டில் வாய் நிறைய வரவேற்பு. சம்பந்தியம்மா வீட்டைச் சுற்றிக் காட்டினார். கடைசியில் ஒரு கதவின் முன்னால் நின்று, இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"இது விருந்தாளிங்களுக்குன்னு கட்டினது. நாங்க யாரும் கால் வைக்கிறதில்ல. போன வருஷம் என் நாத்தனார் வந்தப்ப திறந்தது. இப்ப உங்களுக்காகத்தான் திறக்கிறேன்."

பளிங்கு மாதிரி ஒரு குளியலறை. சுவரில் தட்டு அளவு ஷவர், அதன் கண்களில் வெள்ளை வெள்ளையாக உப்பு. ஹீட்டரின் திருகு பாதியில் நின்றது. போன வருஷத்துத் தண்ணீர்! குழாயம்மாவுக்கு உள்ளங்கை அரித்தது. மகள் பக்கத்தில் நின்று முறைத்த முறைப்பில் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். நாம் எல்லோரும் வாளியில் மொண்டு குளித்துவிட்டுக் கிளம்பிவிடலாம், ஒரு நாள்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போதுதான் சம்பந்தி மாடிப்படி ஏறி வந்தார். ஏறி வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பேச முடியாமல் நின்று மூச்சு வாங்கினார். ஒரு காலத்தில் சிகரெட்டை ஊதித் தள்ளியவராம். டாக்டர் திட்டித்தான் விட்டாராம்.

"திறந்துட்டாளா? அப்பாடா!" என்றார் மூச்சு திரும்பியதும். "என் காசுல கட்டின பாத்ரூம், நான் இன்னும் ஒரு தடவகூட இதுல குளிக்கல. இவ விடமாட்டேங்கிறா. உங்க புண்ணியத்துல நாளைக்குக் காலையில முதல் ஆளா நான்தான் அந்த ஷவர்ல நிக்கப் போறேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். குழாயம்மா சிரிக்கவில்லை. அந்தப் பேச்சும், அந்த ஆசையும், அந்த இளைப்பும் அப்படியே வாட்ச்மேன். சொல்லிவிடலாமா? சொன்னால் பல்லிக் கதைதான், மகள் வாழ்க்கை போய்விடும். சொல்லாவிட்டால் இந்த மனிதர் நாளைக்குக் காலையில் அந்தச் சாரலுக்கு நடுவில் நின்று ஆழமாக மூச்சு இழுப்பார்.

சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் கல்யாண மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நழுவினாள். விருந்தினர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். ஜன்னலைத் திறந்து, முகமூடியை மாட்டினாள். சாரல் பறக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் பையை ஷவர் தலையில் மாட்டி ரப்பர் பேண்டு போட்டாள். வெட்டிய மூலை வழியாகத் தண்ணீர் ஒரே தாரையாக இறங்கும். ஹீட்டரை முழுசாகத் திருகிவிட்டுக் குழாயைத் திறந்தாள். காபி நிறத்தில், குட்டை நாற்றத்தோடு வந்தது. "வாடா வா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. வாஷ்பேசினையும் திறந்தாள். டாய்லெட்டின் மூடியை மூடிவிட்டு ஃப்ளஷ்ஷையும் இழுத்துவிட்டாள். கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வரும்வரை காத்திருந்தாள், வந்த பிறகும் ஓடவிட்டாள்.

கூடத்தில் பேச்சு மெல்ல அடங்கியது. மாடியிலிருந்து அருவி மாதிரி சத்தம்.

"சம்பந்தியம்மா உள்ள போய் ரொம்ப நேரமாச்சே?" என்றார் பையனின் அம்மா.

மகளின் முகத்தில் ஈயாடவில்லை. குழாயம்மாவின் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். ஸ்டியரிங் முன்னால் இல்லாவிட்டால் வாயைத் திறக்கவே தயங்குபவர். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். சடன் பிரேக் போடுகிற அவசரத்தில் அவர் வாயில் வந்தது இதுதான்:

"அவளுக்கு... வயிறு சரியில்லைங்க. பேதி."

குழாயம்மா திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் சம்பந்தியம்மா ஒரு டம்ளர் கஷாயத்தோடு நின்றார். "கூச்சப்படாதீங்க, எல்லாருக்கும் வர்றதுதானே" என்றார். பின்னால் நின்ற வீட்டுக்காரர் கண்ணாலேயே கெஞ்சினார். குழாயம்மா கஷாயத்தை ஒரே மடக்கில் குடித்தாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் வறுத்த மீன், இரண்டு வகைக் கறி, பாயசம். அவளுக்கு மட்டும் உப்புப் போட்ட கஞ்சி. வீட்டுக்காரர் மூன்றாவது மீனை எடுத்தபோது மேஜைக்கடியில் அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். மகள் தட்டை விட்டு நிமிரவில்லை. மானம் கப்பலேறிய பிறகு மீன் எப்படி இறங்கும்?

காலையில் விடிந்ததும் விடியாததுமாகக் குழாயம்மா மறுபடி உள்ளே போனாள். ஒரு தடவை ஓடவிட்டதில் அவளுக்கு மனசு ஆறவில்லை. முந்தானை ஊசியால் ஷவரின் கண்களில் இருந்த உப்பைக் குத்தி எடுத்துவிட்டு, கொதிக்கக் கொதிக்க ஓடவிட்டாள். வெளியே, தோளில் துண்டோடு சம்பந்தி வந்து நின்றுவிட்டார்.

"சம்பந்தி, இன்னுமா நிக்கல?" என்று கதவைத் தட்டினார். உள்ளே தண்ணீர் சத்தம்தான். வீட்டுக்காரரிடம் திரும்பினார். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?"

"அவ ஆஸ்பத்திரியிலதாங்க வேலை பாக்குறா" என்றார் வீட்டுக்காரர்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. "தண்ணி ரொம்பச் சூடா வருது. பாத்துக் கலந்துக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வழிவிட்டாள். சம்பந்தி உள்ளே போய் அரை மணி நேரம் பாடினார். குழாயம்மா அந்தப் பாட்டு முடியும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பாட்டு முடிந்து, மனிதர் சிவக்கச் சிவக்க வெளியே வந்தபோது அவள் கண் கலங்கிவிட்டது. பாவம், வயிறு வலிக்கிறது போல என்று நினைத்துச் சம்பந்தியம்மா இன்னொரு டம்ளர் கஷாயம் கொண்டுவந்தார்.

திரும்பும் வழியில் மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஏம்மா, எங்கிட்ட பண்ணின சத்தியம் என்னாச்சு?"

"அவருக்கு மூச்சு வாங்குறத நீயும்தானே பாத்தே?" என்றாள் குழாயம்மா. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாட்ச்மேன் கதை அவளுக்கும் தெரியும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பந்தியில் குழாயம்மாவின் இலையில் மட்டும், சம்பந்தியம்மாவின் உத்தரவுப்படி, காரமில்லாத சாப்பாடு. மகள் புருஷன் வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் கைப்பையைத் துழாவியபோது முகமூடியையும் பிளாஸ்டிக் பையையும் ரப்பர் பேண்டையும் காணோம். கல்யாணக் கூட்டத்தில் எங்கோ விழுந்திருக்கும் என்று புதிதாக ஒரு பையை வெட்டி வைத்துக்கொண்டாள். மகளும் போனில் அளவாகத்தான் பேசினாள். இன்னும் கோபம் ஆறவில்லை என்று குழாயம்மா தனக்குள்ளேயே குமைந்தாள்.

சில மாதம் கழித்துச் சம்பந்தியம்மாவே போன் செய்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். உங்க பொண்ணு ஞாயித்துக்கிழமையானா போதும், எங்கிட்ட சாவிய வாங்கிட்டு அந்த விருந்தாளி பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிறா. தண்ணி கொட்டுற சத்தம் நிக்கவே மாட்டேங்குது. என்னம்மான்னு கேட்டா வயிறு சரியில்ல அத்தைங்கிறா. வேற பாத்ரூம் ஒத்துக்கலையாம். அந்த ஷவர்ல ருசி கண்டுட்ட எங்க வீட்டுக்காரர், அவ எப்ப வெளிய வருவான்னு துண்டோட காத்துக்கிட்டு நிக்கிறாரு. உங்களுக்கும் இதே மாதிரிதானே இருந்துச்சு? இது... உங்க குடும்பத்துல இருக்கிறதா?"

கைப்பையிலிருந்து காணாமல் போன முகமூடியும் பிளாஸ்டிக் பையும் எங்கே போயின என்று குழாயம்மாவுக்கு இப்போது புரிந்தது.

"ஆமா சம்பந்தி" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எங்க குடும்பத்து வியாதி. மருந்து கிடையாது. அவள அவ போக்குல விட்டுடுங்க."

போனை வைக்கப் போனவளுக்கு மனசு கேட்கவில்லை.

"சம்பந்தி, அந்தத் தண்ணி நல்லா சுடச்சுடத்தானே ஓடுது?"