தராசின் முன்னால் எழுந்து நின்றேன்

முப்பதுகளின் நடுவில், கோயமுத்தூரில் மண்ணைச் சோதிக்கும் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் நான் உதவியாளனாக இருந்தபோது நடந்தது இது. எனக்கு அலங்காரமாக எழுதத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

சூலூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்கு. அப்பனும் ஆத்தாளும் ஒரு பண்ணையில் கூலி வேலை. பாதிரிமார் பள்ளியில் சேர்த்துக்கொண்டதால் நான் படித்தேன். படித்தாலும் ஊருக்குப் போனால் பழைய கதைதான். பண்ணையக்காரர் வந்தால் உட்கார்ந்திருப்பவன் எழ வேண்டும், தோளில் இருக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும். அவரைப் 'பண்ணாடி' என்றுதான் கூப்பிடுவோம். வேறு எப்படியும் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஆராய்ச்சிக் கூடத்தின் வழக்கமே வேறு. மண் வந்த ஊரும் மண்ணுக்குச் சொந்தக்காரர் பெயரும் எங்களுக்குத் தெரியாது, புட்டியில் எண் மட்டும்தான் இருக்கும். சீசா உடைந்தால் பிறர் கேட்கும் முன் நாமே போய்ச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் தராசுக்கு. அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மூச்சுக் காற்றுப் பட்டாலும் முள் ஆடும். முதல் நாளே எங்கள் அதிகாரி சொல்லிவிட்டார்: "இதுக்கு முன்னால உக்காந்தவன் யார் வந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. நான் வந்தாலும் சரி, கவர்னரே வந்தாலும் சரி."

நான் நம்பவில்லை. ஒருநாள் மேலிடத்து வெள்ளைக்காரத் துரை பார்வையிட வந்தார். மற்ற எல்லோரும் விறைத்து நின்றார்கள். நான் தராசின் முன்னால் உட்கார்ந்தே இருந்தேன். துரை என் முதுகுக்குப் பின்னால் பூனை மாதிரி நடந்து போனார். அன்று சாயங்காலம் என் நடையே மாறிப்போனது. இந்த உலகத்தில் நான் எழத் தேவையில்லாத ஒரு நாற்காலி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சில மாதம் கழித்து ஒரு காலை. மண்ணை நீரில் ஊறவைத்து, வடிகட்டி, அந்த நீரைச் சுண்ட வைத்து, அடியில் தங்கிய உப்பைக் கிண்ணத்தோடு எடை போடப் போகிறேன். அந்த எடையை வைத்துத்தான் நிலம் விதைப்புக்கு ஆகுமா ஆகாதா என்று விவசாயிக்குச் சொல்வார்கள். கிண்ணம் இடுக்கியில் இருக்கிறது. கதவு திறந்தது. அதிகாரி நாலைந்து விவசாயிகளை அழைத்து வந்தார். அவர்களில் எங்கள் பண்ணையக்காரரும் இருந்தார்.

என் கால்கள் எழுந்துவிட்டன. நான் எழ நினைக்கவில்லை. தொடை மேசையில் இடித்தது, கிண்ணம் கவிழ்ந்தது, உப்பு தரையில் கொட்டியது. அது எந்த ஊர் விவசாயியின் மண்ணோ!

கேளுங்கள், பண்ணையக்காரருக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, ஆபீஸ் என்ற மரியாதையில் கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தார் அவர். கிராப்பும் சட்டையுமாக இருந்த என்னைப் பார்த்துப் பதறிப்போனார்.

"அடடா, எங்களால கொட்டிப்போச்சுங்களா? உக்காருங்க சார். நாங்க சும்மா பாக்க வந்தமுங்க."

சார் என்றார். எங்கள் பண்ணையக்காரர் என்னைச் சார் என்றார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"கும்புடறனுங்க பண்ணாடி."

அவர் உற்றுப் பார்த்தார். அந்த ஒரு சொல் போதும் அவருக்கு.

"எந்த ஊரு நீ?"

சொன்னேன். அப்பன் பெயரையும் சொன்னேன்.

"அட, நம்ம காட்டுல பருத்தி எடுக்கறவன் பையனா! ஆளே தெரியல போ."

'ங்க' போயிற்று. 'சார்' போயிற்று. அவர் பிடுங்கவில்லை, நானே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அதிகாரியின் முகம் சிவந்தது. "உட்கார். முள்ளைச் சரிபார்" என்றார். நான் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை, பண்ணாடி நிற்கிறாரே. "உட்காரத் தெரியாதவனுக்குத் தராசு கிடையாது. கடைசியாகச் சொல்கிறேன், உட்கார்." முழங்கால் மடியவே இல்லை. பண்ணையக்காரர்தான் சிரித்துக்கொண்டே குறுக்கே வந்தார்.

"நான் நின்னா அவன் உக்கார மாட்டானுங்க. எங்கூரு பழக்கமுங்க அது. நாங்க போயிக்கறமுங்க, அவனை வையாதீங்க."

அவர்கள் வெளியே போனார்கள். கதவு சாத்திய பிறகுதான் நான் உட்கார்ந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தராசு வேறொருவர் கைக்குப் போனது. என்னைச் சீசா கழுவ அனுப்பினார்கள். பக்கத்து மேசைக்காரன் மத்தியானம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "தொரை வந்தா அசையாம உக்காந்துக்குவான், ஊர்க் கவுண்டர் வந்தா எந்திரிச்சுக்குவான். இவனுக்குக் கவர்னரே ஊர்லதான் இருக்காரப்பா!" கூடமே சிரித்தது. நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிரித்துவிட்டார்கள். அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை, அதனால்தான் அவ்வளவு கோபம்.

அதற்கடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அப்பன் என்னைக் கண்டதும் மலர்ந்து போனார்.

"கண்ணு, பண்ணாடி கூப்புட்டு வெச்சுச் சொன்னாரு. உன்ற பையன் அத்தன படிச்சும் மருவாதி மறக்கலடான்னாரு. களத்துல எல்லாரும் கேட்டுட்டு இருந்தாங்க. எனக்கு வவுறு நெறஞ்சு போச்சு."

அவர் வாழ்நாளில் பண்ணையில் கேட்ட ஒரே பாராட்டு அதுவாகத்தான் இருக்கும். அந்தப் பாராட்டின் விலை என் நாற்காலி என்று எப்படிச் சொல்வேன்? "செரிங்கப்பா" என்றேன். ஆத்தா போட்ட சோற்றில் கை வைக்காமல் எழுந்துவிட்டேன்.

பல மாதம் கழித்து அதிகாரி மறுபடி என்னைத் தராசின் முன்னால் உட்கார வைத்தார். பிறகு பல வருடம் அங்கேயே உட்கார்ந்து வேலை செய்தேன், யாருக்கும் எழவில்லை. வேலையை விட்டு வந்து காலம் ஆயிற்று. பண்ணையக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், அப்பனும் போய்விட்டார். யாராவது எனக்காக எழுந்து நின்றால் "உக்காருடா!" என்று கத்திவிடுகிறேன், வீட்டில் உள்ளவர்கள் எனக்குக் கிறுக்கு என்கிறார்கள். என்ன செய்ய, அன்று எழுந்த அதே கால்கள்தான் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கதவு திறக்கும் சத்தம் கேட்டால், வந்தது யார் என்று பார்க்கும் முன் குனிந்து அவற்றைத்தான் பார்த்துக்கொள்கிறேன்.