கிழக்குப் பள்ளம்

ரயில் நிலையத்துக்குக் கிழக்கே வீடுகள் முளைக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் கழிவுநீர் லாரி ஓட்டுகிறார். எந்தத் தெருவில் எந்த வீட்டுத் தொட்டி எத்தனை மாதத்தில் நிரம்பும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கேடுகெட்ட ஊர். வரைபடத்தில் பூங்கா என்று போட்ட இடத்தில் மூன்று மாடி வீடு. சாலை என்று போட்ட இடத்தில் முழங்கால் சேறு. பாதாளச் சாக்கடை அடுத்த வருஷம் வந்துவிடும் என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் வீட்டுத் தொட்டியையும் இவர்தான் காலி செய்கிறார். "சீக்கிரம் எடுத்துட்டுப் போப்பா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கத்துவார்கள். எங்கே கொண்டுபோகிறாய் என்று ஒருத்தர்கூடக் கேட்டதில்லை.

மேற்கே மேடு, கிழக்கே சரிவு. சரிவு முடிகிற இடத்தில், செங்கல் சூளைக்கு மண் அள்ளிய பெரும் பள்ளம். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் வரிசையில் அரை நாள் போய்விடும். "பள்ளத்துல விட்டுட்டு அடுத்த டிரிப்புக்கு ஓடு" என்பார் முதலாளி. இவரும் விட்டார். அங்கிருந்த எல்லைக் கல்லில் பின்பக்கம் இடிக்கிற வரை ரிவர்ஸ் எடுத்து, குழாயைத் திறந்துவிடுவார். இடிபட்டு இடிபட்டுக் கல்லே ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. போன வருஷம் அந்தப் பள்ளத்தை யாரோ மண் கொட்டி மூடி, கம்பி வேலி போட்டார்கள். வேறு இடம் தேட வேண்டியதாகிவிட்டதே என்று எரிச்சல்பட்டதோடு சரி.

மகளுக்கு வெளியூரில் சம்பந்தம் பேசியபோது, "டாங்கர் லாரி ஓட்டுறேன்" என்று மட்டும் சொன்னார். தண்ணீர் லாரி என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். அப்பாவும் மகளும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மகளுக்கு ஐந்து மாதம். மாப்பிள்ளைக்கு இந்தப் பக்கம் வேலை மாறியிருந்தது. "வீடு வாங்கியாச்சு மாமா. எல்லாம் முடிச்சிட்டுச் சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்று வாயெல்லாம் பல்லாக அழைத்துப் போனார். வண்டி கிழக்குச் சரிவில் இறங்கிக்கொண்டே போனது. வாசலில் அதே சாய்ந்த கல். வெள்ளையடித்து, வீட்டு எண் எழுதியிருந்தார்கள்.

உள்ளே மகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து வந்தார். லேசான மஞ்சள்.

"புது போர்வெல், அப்படித்தான் இருக்குமாம். நாலு நாளைக்கு உங்க லாரியில தண்ணி கொண்டுவந்து விட்டுடுங்க மாமா."

மகள் டம்ளரை வாயருகே கொண்டுபோனாள்.

"குடிக்காதம்மா!"

அவர் போட்ட சத்தத்தில் தண்ணீர் அவள் மடியில் சிந்தியது. இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"மாப்ள, என்னோடது தண்ணி லாரி இல்ல. செப்டிக் டாங்க் லாரி."

மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது. மனைவியைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"சரி, அதுக்கும் இந்தத் தண்ணிக்கும் என்ன சம்பந்தம்?" என்றார். பிறகு மெதுவாக, "எடுக்கிறத எங்க கொட்டுவீங்க?"

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் ஆள் கேட்டுவிட்டார். இவர் பளபளக்கிற புதுத் தரையைக் கால் பெருவிரலால் தொட்டுக் காட்டினார்.

"இங்கதான்."

மகள் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள்.