மபாஸாவுக்கு மாப்பு இல்லை

யட்டவத்தையில் மிளகு வாங்கி விற்கும் றாபியாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு ஐம்பத்தாறு வயது. வெட்டி எடுக்கவேண்டும், கொஞ்ச மாதத்துக்கு மலம் சேர வயிற்றின் பக்கத்தில் ஒரு பை மாட்டியிருக்கவேண்டும் என்று கண்டியில் டொக்டர் சொன்னார். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். ஒபரேஷனுக்குக் குறித்த முதல் திகதி வந்ததும் தடிமன், காய்ச்சல் என்று சொல்லிப் போகாமல் நின்றுவிட்டாள். தடிமனும் இல்லை, காய்ச்சலும் இல்லை. பயம்.

அதை யாரிடம் சொல்வது? முப்பது வருஷமாகத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மிளகைக் கையில் அள்ளிய மாத்திரத்தில் ஈரம் எவ்வளவு என்று சொல்லி, ஆம்பிளை வியாபாரிகளை வாயாலேயே மடக்கியவள். அப்படிப்பட்டவள் புருஷனைப் பார்த்து எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னால் அந்த மனுஷன் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிடுவார். இரண்டாவது திகதியும் வந்தது. வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரி வாட்டில் நிற்கவேண்டும். இந்தமுறை பிரஷர் கூடிவிட்டது என்று சொல்வதாக அவள் மனசுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தாள்.

இதற்கிடையில் புருஷன் ஹுசைன் ஒரு வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் மனைவிக்காக துஆக் கேட்கச் சொன்னார். நல்ல எண்ணம்தான். பள்ளியில் அதை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அவ்வளவுதான், ஊர் புறப்பட்டுவிட்டது.

ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ஊராரிடம் மாப்புக் கேட்டுவிட்டுப் போவார்கள். இங்கே நடந்தது தலைகீழ். நன்றாக இருக்கிற அத்தனை பேரும் நோயாளியிடம் மாப்புக் கேட்டு வந்தார்கள். தனக்குச் செய்த பாவத்தை அல்லாஹ் மன்னிப்பான். மனிதருக்குச் செய்த பாவத்தை அந்த மனிதர்தான் மன்னிக்கவேண்டும். ஆகவே அந்த மனிதர் மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்கு முன்னால் போய்ப் பிடித்துவிடவேண்டும் என்ற அவசரம் ஒவ்வொரு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

பின்வீட்டு ஸுபைதா மாரி பிஸ்கட்டோடு வந்து அழுதாள். "ஒங்கட கராம்புக் கண்டெல்லாம் எங்கட ஆடு தான் தின்டிச்சி றாபியாத்தா. காட்டுப்பண்டி எண்டு பொய் சென்னேன். மாப்புத் தாங்க."

மிளகு வியாபாரி அஸ்ஹர் பால்மாப் பெட்டியோடு வந்தான். றாபியா மிளகில் பப்பாசி விதை கலக்கிறா என்று இரண்டு தோட்டத்தில் கதைகட்டி விட்டவன் அவன்தானாம்.

"மாப்பு, மாப்பு. டீயக் குடிச்சிட்டுப் போங்க," என்றாள் றாபியா. வேறென்ன சொல்வது? ஞாயிறு தொடங்கிப் புதன் மதியம்வரை மன்னித்து மன்னித்து அவளுக்கு வாய் வலித்தது. ஒருவர்கூட மிளகு என்ன விலை போகிறது என்று கேட்கவில்லை. எல்லாரும் அவளை அடக்கம் செய்துவிட்டுத்தான் வாசல்படி ஏறினார்கள். பிரஷர் கதையை இன்றைக்கே சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள்.

புதன் பின்னேரம் வந்தவள் மபாஸா, ஹுசைனின் தங்கை. வந்ததும் வராததுமாகக் கட்டிலில் உட்கார்ந்து றாபியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மைனி, கலேவெலயில இருந்து நுஸ்லாவப் பொண்ணு கேட்டு வந்தாங்களே..."

"அதுக்கென்ன?"

"புள்ளக்கி மூச்சு முட்டுற வருத்தம் ஈக்கி எண்டு அவங்களுக்கு நான் தான் சென்னேன். அந்த மாப்பிளய எங்கட மகளுக்குப் பாப்போம் எண்டு ஒரு ஆச. மாப்புத் தாங்க மைனி."

றாபியா கையை இழுத்துக்கொண்டாள். ஆறு வருஷம். உம்மாக்காரிக்கு வாய் நீளம், அதனால்தான் கலேவெலச் சம்பந்தம் முறிந்தது என்று ஊர் சொன்னது. அவளும் அதை நம்பினாள். மகள் நுஸ்லாவின் முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு எத்தனை நாள் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாள். அவள் இப்போது நாலந்தாவில் நல்ல இடத்தில் வாழ்கிறாள், வயிற்றில் எட்டு மாதம் வேறு. அது வேறு கதை. அந்த ஆறு வருஷத்தை யார் திருப்பித் தருவது?

"மாப்பு இல்ல," என்றாள்.

அறைக்குள் எட்டிப் பார்த்த ஹுசைனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இப்பிடி நேரத்தில மனசுல ஒண்டும் வெச்சிக்காதீங்க றாபியா. நாளைக்கி என்ன நடக்குமோ..."

"என்ன நடக்கும்? நாளைக்கிப் போவேன், வெட்டுவாங்க, வருவேன். வந்து இவளோட ஒழுங்கா ஒரு சண்ட பிடிக்கணும். இப்ப ஒடம்புல தெம்பில்ல. மாப்பெல்லாம் அதுக்குப் பொறகு தான்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயால் என்ன சொன்னோம் என்று அவளுக்கே விளங்கியது. போவதாகச் சொல்லிவிட்டாள். பிரஷர் கதை போயே போய்விட்டது. அந்த எரிச்சலில் எழுந்து உடுப்புப் பையை அடுக்கத் தொடங்கினாள்.

வாட்டில் துணைக்கு ஒரு பெண் வேண்டும். நுஸ்லாவால் வர முடியாது. யார் வருகிறீர்கள் என்று ஹுசைன் கேட்டபோது மாப்பு வாங்கிக்கொண்ட எல்லாருக்கும் ஒவ்வொரு வேலை இருந்தது. ஸுபைதாவுக்கு ஆடு, இன்னொருத்திக்கு முழங்கால். வியாழன் காலை மபாஸாதான் கறுப்பு அபாயாவைப் போட்டுக்கொண்டு திரீவீலில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு வழி? ஊரே றாபியாவுக்காக துஆக் கேட்டது உண்மை. ஆனால் றாபியா உயிரோடு திரும்பி வந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் மபாஸா ஒருத்திக்குத்தான் இருந்தது.

வெள்ளி காலை பச்சைச் சட்டை மாட்டி, தள்ளுகட்டிலில் படுக்கவைத்து, ஒபரேஷன் தியேட்டர் கதவுவரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். றாபியாவின் பற்கள் கிடுகிடு என்று அடித்துக்கொண்டன. குளிர் என்று சொல்லிப் பார்த்தாள். தாதி இன்னொரு போர்வை போட்டாள். அப்படியும் நிற்கவில்லை.

மபாஸா குனிந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "மைனி, இப்பவாவது தாங்க. ஒரு சொல்லுத் தானே."

ஒரு சொல்தான். சொல்லிவிட்டால் ஒரு பாரம் குறையும். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் எல்லாம் முடித்துக்கொண்டு போகிறவள் ஆகிவிடுவோமே என்று றாபியாவுக்குப் பட்டது. அவள் மபாஸாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"எனக்குப் பயமா ஈக்கி மபாஸா," என்றாள். இத்தனை நாளில் அதை வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். "சரியான பயம். நீ எங்கயும் போயிராத."

"போக மாட்டேன் மைனி."

"மாப்பு நான் திரும்பி வந்து தான்."

ஐந்து மணித்தியாலம் ஆயிற்று. மபாஸா தேநீர்கூடக் குடிக்காமல் கதவடியில் நின்று யாஸீன் ஓதினாள். ஹுசைன் வந்து உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மூன்றாம் நாள் றாபியாவால் சாய்ந்து உட்கார முடிந்தது. வயிற்றின் இடப்பக்கத்தில் பை. அதைப் பார்க்கப் பிடிக்காமல் மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தாள். அதை எப்படிக் கழற்றுவது, கழுவுவது, மாட்டுவது என்று தாதியிடம் கேட்டுப் பழகிக்கொண்டவள் மபாஸாதான். அன்றைக்கும் மாற்றி முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"இப்ப ஹைர் தானே மைனி, சொகமாயிட்டீங்க. மாப்புத் தாங்க."

றாபியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் பாதிக்குமேல் கரைந்துபோயிருந்தது. அதை அவள் காட்டிக்கொள்ளவில்லை.

"ஆறு மாசத்தில இந்தப் பையெடுக்க இன்னொரு ஒபரேஷன் ஈக்கி எண்டு டொக்டர் சென்னார். கேட்டியா?"

"கேட்டேன்."

"அதுவும் முடியட்டும். பாப்போம்."