லிம் அங்கிளின் கையும் என் கமராவும்

கமராக்காரனை யாரும் ஒரு ஆளாக எண்ணுவதில்லை, பந்தியெல்லாம் முடிந்து பாத்திரம் கழுவும்போதுதான் "அட, வீடியோக்காரர் சாப்பிட்டவரோ?" என்று கேட்பார்கள். இந்தத் தொழிலில் கண்ணையும் முதுகையும் பழுதாக்கிக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த எனக்கு, 2010இல் மெல்பேர்ன் ஸ்பிரிங்வேலில் ஒரு சீனப் பாவைக்கூத்துக் குழுவில் வேலை கிடைத்தது. குழு என்றால் இரண்டே பேர். பினாங்கிலிருந்து வந்த லிம் அங்கிளும் லிம் அன்ரியும். கையில் மாட்டி ஆட்டுகிற சின்னப் பாவைகள். ஆட்காட்டி விரல் தலைக்குள் போகும், பெருவிரலும் நடுவிரலும் பாவையின் கைகளுக்குள் போகும். அங்கிள் ஆட்டுவார், அன்ரி மேளம் தட்டிக் கதை சொல்லுவா. அந்த ஆட்டத்தைப் படம் பிடித்து, கொம்பியூட்டரிலும் அதே மாதிரி ஆடுகிற பாவைகளைச் செய்து, பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. நாங்கள் பேசிக்கொண்டது உடைந்த இங்கிலிஷ். இங்கே எங்கட தமிழில் தருகிறேன்.

பூ விழுந்த போர்க்களம்

முதலில் எடுத்தது ஒரு வயதான தளபதி போர்க்களத்தில் சாகிற காட்சி. ஒரு மரத்தலை அப்படிச் சாகும் என்று நான் நினைக்கவில்லை. தோள் தளர்ந்து, வாளைத் தேடிப் பார்த்து, பிறகு வேண்டாம் என்று விட்டுச் சாய்ந்தது. கல்யாண வீடியோவில் மனம் நெகிழ்கிற இடத்தில் நாங்கள் என்ன போடுவோம்? ரோசா இதழ் கொட்டுகிற எஃபெக்ட்தானே. கைப்பழக்கத்தில் போட்டுவிட்டேன்.

அங்கிள் கதிரையை இழுத்துப்போட்டுப் பார்த்தார். இதழ்கள் விழ விழ அவருடைய புருவம் ஏறிக்கொண்டே போனது. முடிந்ததும் மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இந்தாள் செத்துப்போறார். கல்யாணப் பொம்பிளை எங்கை?"

வலைத்துணி அங்கி

உடுப்புக்குள் விரல்கள் என்ன செய்கின்றன என்று தெரியாமல் கொம்பியூட்டர் பாவையை ஆட்ட முடியாது. "உடுப்பைக் கழற்றிப்போட்டு ஆட்டுங்கோ அங்கிள், கையை எடுக்கிறன்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பாவையை உடுப்பில்லாமல் அவர் ஆட்கள் முன்னால் தூக்கினதே இல்லையாம். அன்று பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்ரிதான் வழி கண்டுபிடித்தா. யன்னல் சீலைக்கு விற்கிற வெள்ளை வலைத்துணியில் கையாலேயே ஒரு நீள அங்கி தைத்து, கழுத்துக்கு ஒரு பொத்தானும் வைத்துக் கொண்டுவந்தா. பாவைக்கு உடுப்பும் இருந்தது, எனக்கு விரல்களும் தெரிந்தன. அங்கிள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "கழற்றச் சொன்னது இவன். கழற்றாமல் கழற்றினது நீ."

இளவரசி நடந்தாள்

எங்கள் அறை ஒரு கடைக்குப் பின்னால் இருந்தது. பக்கத்து நூடுல்ஸ் கடையின் சூப்பு மணமும், பெட்டி திறந்தால் கற்பூர மரத் தலைகளின் மணமும் வரும். இன்றைக்கும் எங்காவது அந்தச் சூப்பு மணம் வந்தால் என் காதில் பழைய கொம்பியூட்டரின் விசிறி இரையும். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கிளின் விரலசைவைப் பார்த்துப் பார்த்து ஒரு இளவரசியை நடக்க வைத்தேன். பெருமையோடு போட்டுக் காட்டினேன். அங்கிள் நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா நடக்கிறா. ஆனால் எங்கை போறன் எண்டு அவவுக்குத் தெரியேல்லை."

குவேக்கர்ஸ் ஹில்லில் நின்ற கால்

சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஆட்டம். சனம் நிறைந்திருந்தது. திரையில் என் இளவரசி ஆற்றைத் தாண்டக் காலைத் தூக்கினாள். கொம்பியூட்டர் அப்படியே நின்றுவிட்டது. நான் மேசைக்குக் கீழே போய்விட்டேன். வயர்களை ஒவ்வொன்றாய் அமத்திப் பார்த்தேன்.

அன்ரி மேளத்தை நிறுத்தவில்லை. திரைக்குக் கீழிருந்து அங்கிளின் கோமாளிப் பாவை எட்டிப் பார்த்தது. இளவரசியின் காலைத் தொட்டது, தள்ளிப் பார்த்தது, விசிறி எடுத்து வீசியது, கடைசியில் சலித்துப்போய்ப் படுத்து நித்திரை கொண்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொம்பியூட்டர் திரும்ப ஓடி அவள் காலை வைத்தபோது கோமாளி துள்ளி எழும்பி வழிவிட்டது, மண்டபமே அதிர்ந்தது. வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்த என்னிடம், பேரப்பிள்ளைகளோடு வந்திருந்த எங்கட தமிழ் ஆள், வேறொரு அன்ரி வந்து சொன்னா: "தம்பி, அந்தப் பிள்ளையை அந்தரத்திலை நிப்பாட்டினியள் எல்லே, அதுதான் திறம். அடுத்த முறையும் மறக்காமல் நிப்பாட்டுங்கோ."

ஒரு விரல்

2012இல் அங்கிளுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் அசையவில்லை. ஆஸ்பத்திரியில் விரலுக்குப் பயிற்சி என்று ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். இடது கையால் அதைத் தூக்கி எறிந்தார். பாவைப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லி அன்ரியிடம் சொல்லிவிட்டார். அதை எனக்குச் சொல்லும்போது அன்ரி அழவில்லை. கைப்பையின் சிப்பை மூடித் திறந்துகொண்டே இருந்தா.

அடுத்த நாள் லாப்டொப்பைக் கொண்டுபோனேன். வலைத்துணிக்குள் ஆடுகிற அவருடைய சொந்தக் கையைப் போட்டோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மேளச் சத்தம் மட்டும் ஓடியது. திடீரென்று அன்ரி என் சட்டையைப் பிடித்து இழுத்தா. போர்வைக்கு மேலே கிடந்த வலது கையில், ஆட்காட்டி விரல் தாளத்துக்கு மெல்ல மடங்கி நிமிர்ந்தது. படத்தை முதலிலிருந்து திரும்பப் போட்டேன். அதற்குப் பிறகு அன்ரி தினமும் லாப்டொப்போடு போனா. மற்ற விரல்கள் வரவில்லை. அந்த ஒன்று மட்டும் வந்தது.

அடுத்த வருசம் ஸ்பிரிங்வேலில் சீனர்களின் நிலாத் திருவிழா மேடை. பதிவு செய்த மேளத்தை நான் ஓடவிட்டேன். குசினியில் சமைத்துக்கொண்டே அந்த வீடியோக்களைப் பார்த்துப் பழகியிருந்த அன்ரி, இரண்டு கையிலும் பாவைகளை மாட்டிக்கொண்டு சண்டை பிடித்தா, அழுதா, நியாயம் கேட்டா. நடுவில் சிம்மாசனத்தில் அங்கிளின் வலது கையில் மாட்டிய அரசன் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவசரமில்லாமல், ஒரேயொரு தரம் தலையாட்டினான். கமராவில் ஃபோகஸ் போய்விட்டதா என் கண்ணில் போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

முடிந்த பிறகு, கஷ்டமாக இருந்ததா என்று கேட்டேன். அங்கிள் தேத்தண்ணியை இடது கையால் எடுத்தார். "எனக்கென்ன கஷ்டம்? ராசா எண்டால் தலையாட்டினால் காணும். ஓடித் திரியிறது எல்லாம் மனிசி."

ஒரு கலையைக் காப்பாற்றுகிற வேலை என்று சொல்லித்தான் என்னை எடுத்தார்கள். நான் காப்பாற்றியது பெரும்பாலும் வயர்களைத்தான், மிச்சத்தை அவர்கள் இரண்டு பேருமே பார்த்துக்கொண்டார்கள்.