இந்தியா கேட்டில் இரண்டு பனை

போன வாரம் டெல்லியிலிருந்து என் மகள் வந்தாள். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்த வில்லை ஒன்று கொண்டுவந்திருந்தாள். அதில் இந்தியா கேட். வாங்கியதும் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. எனக்குத் தெரிந்த இந்தியா கேட்டுக்கு மைதாப் பசை வாசம் உண்டு. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்போம். அந்த நெடியும் கூடவே வரும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிறகு படித்ததெல்லாம் தீப்பெட்டி லேபிளில்தான். கோவில்பட்டியில் லேபிள் ஒட்டப் போன இடத்தில் டெல்லி முழுவதும் எனக்கு அத்துப்படியானது. குதுப்மினார் ஒரு குச்சி உயரம். செங்கோட்டை நீலம், அச்சகத்தில் சிவப்பு மை தீர்ந்திருக்கும்.

தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்போம். சொந்தமாக ஒன்று தொடங்கியதும் இந்தியா கேட்டையே லேபிளாக வைத்தேன். காலண்டர் படத்தைக் கிழித்துக்கொண்டு சிவகாசி ஓவியரிடம் போனேன். படத்தில் கேட்டுக்கு இரண்டு பக்கமும் வெறிச்சென்று இருந்தது. என் ஆபீஸ் வாசலில் இரண்டு பனை நின்றன, ஒன்று நெட்டை, ஒன்று சாய்ந்தது. அவற்றை அப்படியே வைக்கச் சொன்னேன்.

“அண்ணாச்சி, டெல்லில பனை நிக்குமா?”

“ஏலே, நான் பாக்காத டெல்லியா? வையிலே.”

அப்போது நான் மதுரையைத் தாண்டியதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு லேபிள் நிலைத்துவிட்டால் தொடக்கூடாது. வாங்குகிறவர்கள் எழுத்தைப் படிக்கமாட்டார்கள், படத்தைச் சொல்லித்தான் கேட்பார்கள். படம் மாறினால் சரக்கே மாறியதாக அர்த்தம்.

ஒரு வருஷம் உள்ளூரில் சரக்கு நகரவில்லை. சரக்கு வைக்கிற கிட்டங்கியில் கூரை வரை பண்டல். வெளியூரில் ஆள் பிடிக்காவிட்டால் ஆபீஸை மூட வேண்டியதுதான். நாற்பது பெண்கள் வேலை செய்தார்கள். மாதிரிப் பெட்டிகளையும் கடம்பூர் போளியையும் எடுத்துக்கொண்டு டெல்லிக்கு ரயில் ஏறினேன். சாந்தினி சவுக் சந்து ஒன்றில் மொத்த வியாபாரி ஒருவர். எனக்கு இந்தி வராது. அங்கே மெஸ் நடத்திய கடம்பூர்க்காரர் கூட வந்தார்.

வியாபாரி போளியைத் தின்று முடித்துவிட்டுத்தான் லேபிளைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அண்ணாச்சி, இந்தப் பனை எங்கன நிக்குதுன்னு கேக்காரு.”

“பின்பக்கம் நிக்குதுன்னு சொல்லுங்க.”

“அவரு பொறந்ததே இந்த ஊருதானாம். படமே பொய்யின்னா குச்சி மட்டும் பத்துமாங்காரு.”

“அவரு பின்பக்கம் போயிருக்காரான்னு கேளுங்க.”

வியாபாரி எழுந்து செருப்பை மாட்டினார். போனதில்லை போல. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கழுகுமலை எனக்கு எட்டிப்பிடிக்கும் தூரம்; அங்கே இருக்கிற வெட்டுவான் கோயிலை நான் பார்த்தது அறுபது வயதில்.

மூன்று பேரும் ஆட்டோவில் புறப்பட்டோம். செங்கோட்டை சிவப்பாக இருந்தது. எனக்கு அது ஒப்பவில்லை. கன்னாட் பிளேஸை வட்டமாகக் கட்டியிருந்தார்கள்; பெட்டியை வட்டமாகச் செய்தால் குச்சி எத்தனை கொள்ளும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

இந்தியா கேட் பெரிய கட்டடம்தான். கல்லெல்லாம் செத்துப்போன சிப்பாய்களின் பெயர். புல்வெளியில் குடும்பம் குடும்பமாக ஐஸ் தின்றுகொண்டிருந்தார்கள். சுற்றி வந்தோம். பனை இல்லை. வியாபாரி விடவில்லை, நான் அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருந்தேன். அண்ணாந்து பார்த்தபடி இரண்டாவது சுற்றும் கிளம்பிவிட்டார். பாதிச் சுற்றில் எனக்கே பொறுக்கவில்லை.

“சொல்லிருங்க. அது எங்க ஆபீஸ் வாசப்பனை. நான் டெல்லியப் பாக்கதே இன்னைக்குத்தான்.”

நான் சொன்னது கொஞ்சம். கடம்பூர்க்காரர் இந்தியில் வெகுநேரம் சொன்னார். வியாபாரி ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு என்னிடம் கையை நீட்டினார். பெட்டியைக் கொடுத்தேன். நல்ல காற்று. ஒரே உரசல், பற்றியது. பற்றாத குச்சி என் ஆபீஸிலிருந்து வெளியே போனதில்லை. பீடி முழுவதையும் இழுத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

“என்ன சொல்லுதாரு?”

“பனைய எடுத்துராதீய, அண்ணாச்சி. இந்தியா கேட் போட்ட பெட்டி இங்கன ஏற்கெனவே ஏழு இருக்காம். மரம் நிக்குதது உங்களது ஒண்ணுதானாம்.”

அதன்பிறகு பல வருஷம் என் சரக்கு டெல்லிக்குப் போனது. கடைகளில் ‘மரம் போட்ட பெட்டி’ என்று கேட்டு வாங்கினார்களாம். பனை வேண்டும் என்று முதலிலேயே சொன்னவன் நான்.

பிறகு லைட்டர் வந்தது. ஆபீஸ் இருந்த இடம் இப்போது கல்யாண மண்டபம். ரோட்டை அகலப்படுத்தியபோது காலையில் நெட்டைப் பனையை வெட்டினார்கள், மதியம் சாய்ந்ததை. இந்தியா கேட்டுக்குப் பக்கத்திலும் முன்புபோல் போக முடியவில்லையாம், சங்கிலி கட்டியிருக்கிறார்கள் என்றாள் மகள்.

காந்த வில்லையை ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பீரோவில் மிஞ்சியிருந்த லேபிள் ஒன்றை அதற்கடியில் செருகினேன். மகள் குனிந்து பார்த்தாள்.

“எப்பா, டெல்லில ஏதுப்பா பனை?”

“ஏட்டி, இங்கன மட்டும் இருக்காக்கும்?”